ஸ்பீக்கர் பொக்ஸ் இல்லாமல் ஓர் இசை மாலை: கும்புறுபிட்டியிலிருந்து வந்த கேள்விக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். திருகோணமலைக்கு வடக்கே கும்புறுபிட்டிப் பக்கம் சொந்த வளவில் ஒரு கலை இல்லம் தொடங்கியிருக்கிறீர்கள். எட்டு அறை, ஓர் ஓலைக்கூரை மண்டபம், சுற்றிவர வேம்பும் பனையும். படம் வரைபவர்கள், எழுதுபவர்கள், நாலு நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போக வருபவர்கள் அங்கே தங்குகிறார்கள். மாதம் ஒரு மாலை நேரடி இசை வைக்க ஆசை. எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வாங்குவது, யாரைக் கூப்பிடுவது, எந்த மாதங்கள் நல்லது, ஊர்ச்சனம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு என் பதில்: ஸ்பீக்கர் வாங்கவே வேண்டாம். குறைந்தது முதல் ஒரு வருடத்துக்காவது வேண்டாம். சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் எத்தனை பேரை இருத்துவது, யாரைப் பாடக் கூப்பிடுவது, எத்தனை மணிக்குத் தொடங்குவது, அயலட்டையோடு எப்படி ஒத்துப்போவது என்ற மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். நான் மிருதங்கக்காரன். கிழக்கில் பெரிய மேடைகளிலும் வாசித்திருக்கிறேன், வீட்டு முற்றங்களிலும் வாசித்திருக்கிறேன். ஓய்வு தேடி ஆட்கள் வரும் ஓர் இடத்துக்கு முற்றத்துக் கச்சேரிதான் பொருந்தும் என்பது என் கட்சி.

கணக்கு இப்படி. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பழகிய ஒரு பாடகரின் குரல் ஒரு மீற்றர் தள்ளி 85 டெசிபல் என்று வைத்தால், எட்டு மீற்றரில் அது 67 ஆகிவிடும், பதினாறு மீற்றரில் 61. நாங்கள் பக்கத்தில் இருந்து கதைக்கும் சத்தமே 60 அளவில் இருக்கும். ஆகவே கடைசி வரிசை எட்டு மீற்றருக்குள் இருக்க வேண்டும். பாய் விரித்து அரைவட்டமாக இருத்தினால் அந்தத் தூரத்துக்குள் எண்பது பேர் நெருக்கமில்லாமல் இருக்கலாம். மாதம் ஒரு முறைக்கு எண்பது பேர் தாராளம். முந்நூறு பேர் வேண்டும் என்றால் அது வேறு நிகழ்ச்சி, அதற்குக் கோயில் வீதி இருக்கிறது.

அடுத்தது இடம். கடற்கரையில் மேடை போடச் சொல்லி விருந்தினர்கள் கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். படத்துக்கு அது அழகுதான். ஆனால் அலை உடையும் கரையில் வீணை எடுபடாது, புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி எடுபடாது, பாடுபவர் அலைக்கு மேலாகக் குரலை ஏற்றி ஏற்றி அரை மணித்தியாலத்தில் தொண்டை கட்டிப்போவார். உங்கள் மண்டபம் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது என்றால் அதையே பாவியுங்கள். கிடுகுக்கூரை சத்தத்தைத் திருப்பி எறியாது, குடித்துவிடும். அதனால் பாடுபவருக்குப் பின்னால் கெட்டியான ஒரு சுவர் இருக்க வேண்டும். ஏழடி உயரத்தில், சாந்து பூசிய மண்சுவர் போதும். அந்தச் சுவரை மேற்குப் பக்கம் எழுப்புங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன். சுவருக்கு முன்னால் அரையடி உயரத்தில் ஒரு பலகை மேடை, உள்ளே வெற்றிடமாக. சீமெந்துத் தரையில் வைத்து வாசிக்கும் கடத்துக்கும் (மண்பானை வாத்தியம்) பலகையில் வைத்து வாசிக்கும் கடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை கேட்டால் தச்சனுக்குக் கொடுத்த காசு கவலையாக இருக்காது. தகரக்கூரை மட்டும் கூடாது. மழை தொடங்கினால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம்.

மேற்குச் சுவரின் காரணம் கச்சான் காற்று. மே மாதம் தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை நம் பக்கம் தரையிலிருந்து வீசும் அந்தக் காய்ந்த காற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னேரங்களில் அது கடற்காற்றோடு மல்லுக்கட்டும். சில நாள் ஐந்து மணிக்குக் கடற்காற்று வென்றுவிடும், சில நாள் கச்சான் இரவானாலும் விடாது. காற்று வரும் திசையில் பாடுபவரும் போகும் திசையில் கேட்பவரும் இருந்தால் சத்தம் தாழ்ந்து வந்து காதில் விழும். மாறி இருத்தினால் மேலே எழும்பித் தலைக்கு மேலால் போய்விடும். அதோடு ஐந்தரை மணி வெயில் மேற்கிலிருந்து கேட்பவர்களின் கண்ணில் நேராக அடிக்கும். சுவர் வெயிலை மறைக்கும், நேர்க்காற்றைத் தணிக்கும், குரலை முன்னுக்குத் தள்ளும். ஒரே சுவரில் மூன்று வேலை.

ஸ்பீக்கர் வேண்டாம் என்பதற்கு அயல் இன்னொரு காரணம். பகலில் வெயில் தரையைச் சூடாக்குவதால் சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று சூடாக இருக்கும்போது, சத்தம் கீழ்நோக்கி வளைந்து தரையோடு தரையாக நெடுந்தூரம் ஓடும். பகலில் பக்கத்து ஊருக்கே கேட்காத திருவிழா லவுட்ஸ்பீக்கர் இரவு பத்து மணிக்கு நாலு கட்டை தள்ளிப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் வந்து பாடுவது இதனால்தான். உங்கள் வளவு களப்புக்குப் பக்கம். ஒரு நடுத்தர பொக்ஸ் போதும், அக்கரையில் விடியப்புறம் வலைக்குப் போக வேண்டியவர்களின் நித்திரையைக் கெடுக்க. முதல் மாதம் பொறுப்பார்கள், இரண்டாம் மாதம் முகம் சுளிப்பார்கள், மூன்றாம் மாதம் முறைப்பாடு போகும்.

சட்டமும் உண்டு. ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். 2007 இல் உயர் நீதிமன்றம் ஒலி மாசு பற்றிய வழக்கொன்றில் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வழமையாக அந்த அனுமதி கிடைக்காது. டிக்கெட் விற்றால் பிரதேச சபையில் கேளிக்கை வரி பற்றியும் கேட்க வேண்டும். ஒலிபெருக்கியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை என்றால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆனாலும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெளிநாட்டு ஆட்கள் தங்கும் இடத்தில் இரவில் பத்து இருபது மோட்டார் சைக்கிள் நின்றால், என்ன ஏது என்று கேட்க ஆள் வரும்.

மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை வாடை மழை. நவம்பர், டிசம்பரில் வெளியே எதுவும் வைக்கவேண்டாம். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலம்தான் என் மனதுக்குப் பிடித்தது: காற்றும் இல்லை, புழுக்கமும் பெரிதாக இல்லை. நிலாவெளி, உப்புவெளிக்கு வெளிநாட்டார் குவிவதோ மே முதல் செப்டெம்பர் வரை, அதாவது கச்சான் காலம். நீங்கள் அந்த மாதங்களை விட முடியாது, விடவும் வேண்டாம், சுவரைக் கட்டுங்கள். ஊர்க்கோயில் பொங்கல், நோன்புக் காலம், பள்ளிக்கூடப் பரீட்சை மூன்றையும் பார்த்துத் திகதி குறியுங்கள். பௌர்ணமியில் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். போயா தினத்தில் மது விற்பனை கிடையாது, விடுமுறையும் கூட. நான் சொல்லும் வகை மாலைக்கு இரண்டுமே வசதிதான்.

நேரத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிக்க வேண்டும். நகரத்துச் சபா பழக்கத்தில் ஏழு மணிக்குத் தொடங்கினால் ஊரிலிருந்து பெண்கள் வரமாட்டார்கள், பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். பஸ் ஓட்டம் குறைந்துவிடும். குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் யானை இறங்கும் இடங்களைத் தெரிந்தவர்கள் இருட்டின பிறகு சைக்கிளில் திரும்ப யோசிப்பார்கள், நியாயமாகவே. ஜூலையில் ஆறரைக்குச் சற்று முன்னால் பொழுது படும். முஸ்லிம் குடும்பங்களும் வரவேண்டும் என்றால், வரவேண்டும்தானே, மஃரிப் தொழுகைக்குப் பதினைந்து இருபது நிமிடம் இடைவேளை விடுங்கள். அந்த நேரத்தில் பிளேன்ரீயும் கடலையும் கொடுத்தால் இடைவேளைக்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. நுளம்பு அந்த நேரத்தில்தான் கிளம்பும். வேப்பிலைப் புகை போடுங்கள், ஆனால் பாடுபவருக்குக் காற்று வரும் பக்கமாகப் போடாதீர்கள்.

இனி வாத்தியங்கள். மைக் இல்லாத மேடையில் வாத்தியத்தின் உடல்நிலை அப்படியே வெளியே தெரியும். கடற்கரை ஊரில் இது பெரிய விஷயம்.

மிருதங்கத்தின் வலந்தலை தோல், காற்றில் ஈரம் ஏறினால் தளர்ந்து சுருதி இறங்கும். கச்சானில் காய்ந்தால் இறுகிச் சுருதி ஏறும். அறைக்குள் சேர்த்த சுருதி முற்றத்துக்கு வந்து கால் மணித்தியாலத்தில் மாறியிருக்கும். இடந்தலையில் அப்பும் ரவை, கச்சானில் மளமளவென்று காய்ந்து உரியத் தொடங்கும். வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் தண்ணீர் வையுங்கள், கேட்காமலே வைத்தீர்கள் என்றால் அவர் உங்களை மறக்கமாட்டார். வீணையில் கம்பியை அழுத்தும் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. மத்தியான வெயிலில் பூட்டிய வானுக்குள் வீணையை வைத்தால் மெழுகு இளகி மெட்டு அசையும், பிறகு அன்றைக்குக் கச்சேரி இல்லை. வயலினின் முறுக்காணி மரம் ஈரத்தில் ஊதி இறுகும், காய்ந்தால் வழுக்கும், உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளிதான் உயிர். நாணலில் செய்த அந்தச் சிறு துண்டு காய்ந்துபோனால் ஊதுபவர் நனைத்து நனைத்துப் பதத்துக்குக் கொண்டுவர நேரம் எடுக்கும். ஆகவே கலைஞர்களை நாலு மணிக்கே வரவழைத்து, வாத்தியங்களை மண்டபத்துக்குள் நிழலில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காற்றுக்கு அவை பழக ஒரு மணித்தியாலம் வேண்டும். கலைஞருக்கும்தான்.

மைக் இல்லாமல் வீணையைக் கேட்கவைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், நாற்பது பேருக்கு. வீணை நாளில் பாயைக் கிட்டப் போடுங்கள், மிருதங்கக்காரரை அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். (எங்கள் இனத்துக்கு அது கஷ்டம், தெரிந்துதான் சொல்கிறேன்.) கட்டாயம் என்றால் வீணைக்கு மட்டும் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன அம்ப்ளிஃபையர் வைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சுருதிப்பெட்டிக்குப் புதுப் பற்றரி போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் நின்றாலும் கச்சேரி நிற்காது என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய நிம்மதி. ஜெனரேற்றர் வைத்திருந்தால் அந்த இரண்டு மணித்தியாலமும் அதை ஓட்டாதீர்கள். நாலு அரிக்கன் லாம்பு போதும்.

யாரைக் கூப்பிடுவது? கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பெயர் பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. முதல் ஆறு மாதத்துக்குத் திருகோணமலை மாவட்டத்துக்கு வெளியே போகவே தேவையில்லை, போனாலும் மட்டக்களப்பு வரை போனால் போதும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படித்துப் பட்டம் பெற்று வெளியே வந்த பிள்ளைகள் கிழக்கு முழுவதும் இருக்கிறார்கள், பலர் பள்ளிக்கூடங்களில் சங்கீத ஆசிரியர்கள். வருடத்துக்கு ஒரு தரம் பரிசளிப்பு விழாவில் வரவேற்புப் பாடல் பயிற்றுவதைத் தவிர அவர்களுக்கு மேடை இல்லை. ஒரு மணித்தியாலம் முழுதாக, தங்களுக்குப் பிடித்ததைப் பாடச் சொன்னால் எப்படிப் பாடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பழந்தமிழிசையை ஆராய்ந்த ‘யாழ் நூல்’ என்ற நூலை 1947 இல் வெளியிட்ட விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் என்பதை உங்கள் வெளிநாட்டு விருந்தினருக்கு ஒரு வரியில் சொல்லி வைக்கலாம். இசை ஆராய்ச்சிக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகவேண்டாம்.

முதல் மாலைக்கு என்னைக் கேட்டால் நாதஸ்வரம், தவில். வெளியில் வாசிப்பதற்கென்றே உண்டான வாத்தியங்கள், மைக் கேட்கவே கேட்காது. ஈழத்துத் தவில் தமிழ்நாட்டிலும் மதிப்போடு பேசப்படுவது. இணுவில் தந்த தட்சிணாமூர்த்தியின் பெயரை அங்குள்ள வித்துவான்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நம் கோயில்களில் நாதஸ்வரத்தை யாரும் இருந்து கேட்பதில்லை. சாமி வீதிவலம் வரும்போது பின்னணியாகப் போய்விடுகிறது, கலியாண வீட்டில் கெட்டிமேளத்துக்கு மட்டும் திரும்பிப் பார்க்கிறோம். ஓர் இராகத்தை அரை மணித்தியாலம் விரித்து வாசிக்க, அதை ஊர்ச்சனம் பாயில் இருந்து கேட்க ஓர் இடம் கிடைத்தால் அந்தக் கலைஞர்களே உங்களைத் தேடி வருவார்கள். ஒன்று: பாய்களை மூன்றடி பின்னுக்குத் தள்ளிப் போடுங்கள். தவில் கிட்டத்தில் நின்றால் காதை அடைக்கும்.

கூத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களைப் போன்ற இடங்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதிகம் கெடுப்பதும் கூத்தைத்தான். மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஆட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மத்தளம், சல்லரி என்னும் கைத்தாளம், ஆட்டத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், பிற்பாட்டுக்காரர், இவ்வளவும் வெளிக்களரிக்கென்று, அதாவது திறந்தவெளி ஆடுகளத்துக்கென்று, அமைந்தவை, மைக் தேவையில்லை. சிக்கல் நேரம். கூத்து இரவு முழுக்க ஆடுவது. சட்டம் கொடுத்து (பாத்திரங்களைப் பிரித்துப் பாடல் ஏட்டைக் கொடுப்பது), மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (கடைசி ஒத்திகை), பிறகு அரங்கேற்றம். அதை ஒரு மணித்தியாலத்துக்கு வெட்டித் தாருங்கள் என்று விருந்தோம்பல் பாணியில் கேட்டால் அண்ணாவியாருக்கு மனம் நோகும், அல்லது எதையாவது ஆடிக் காசை வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை விடிய விடிய ஆடும் நிலையிலிருந்து சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அதனால் கூத்துக்குப் படித்தவர்களிடம் ஒரு மரியாதை வந்தது. அதே மாற்றத்தில் வட்டக்களரி போய், ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடை வந்துசேர்ந்தது. ஆட்டக்காரர் வட்டமாக வந்து நாலு பக்கமும் முகம் காட்டி ஆடிய ஆட்டம் ஒரு பக்கத்துக்குத் திரும்பிக்கொண்டது. உங்களிடம் படச்சட்ட மேடை இல்லை, பெரிய முற்றம் இருக்கிறது. ஆகவே அன்றைக்குச் சுவரையும் பலகையையும் மறந்துவிட்டு முற்றத்து நடுவில் வட்டக்களரி போடுங்கள், சுற்றிவர ஆட்களை இருத்துங்கள். என்ன ஆடுவது, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை அண்ணாவியாரிடமே விடுங்கள். வரவாட்டங்கள் மட்டும் ஆடினாலே ஒன்றரை மணித்தியாலம் போய்விடும்: ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தாளத்தில் களரிக்கு வந்து, தன்னை அறிமுகப்படுத்தித் தரு என்னும் பாட்டைப் பாடும் அந்தப் பகுதியைக் கதை தெரியாத வெளிநாட்டாரும் பார்த்து இரசிப்பார். வருடத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், முழு இரவுக் கூத்துக்கு இடம் கொடுங்கள். அந்த இரவு பார்வையாளர்கள் ஊர்க்காரர்கள், உங்கள் விருந்தினர் அவர்களுக்குள் ஒருவர்.

திருகோணமலைப் பாலையூற்றுப் பறங்கியரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். போர்த்துக்கேய வழிவந்த அந்தக் குடும்பங்களில் கபிரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும் இன்னும் இருக்கிறது. வயலின், கிற்றார், ஒரு கைமேளம் இருந்தால் போதும். நாடு முழுக்க ஆடும் பைலாவுக்கு அதுதான் மூலம். மூன்றும் மூன்றுமாக ஆறு எண்ணி ஓடும் அந்த நடை எங்கள் கணக்கில் திஸ்ரம். ஒரு மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும், யாரும் பாலம் போட்டு விளக்கத் தேவையில்லை. கிண்ணியா, மூதூரில் றபான் தட்டிப் பைத் பாடுபவர்கள் உண்டு. அவை சமயப் பாடல்கள் என்பதை மனதில் வைத்து, எந்த இடத்தில், எந்தச் சூழலில் பாடச் சம்மதம் என்று அவர்களிடம் கேட்டுத்தான் அழைக்க வேண்டும்.

அம்பாப் பாட்டை மேடையேற்ற வேண்டும் என்று உங்களிடம் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். கரைவலை இழுக்கும்போது தோளும் காலும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுந்த பாட்டு அது. வலையும் பாரமும் இல்லாமல், ஒரே நிறத்தில் சாரம் கட்டி வரிசையாக நின்று பாடினால் பாடுபவருக்கே கூச்சமாக இருக்கும். இப்போது பல கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள், அங்கே பாட்டும் இல்லை. கையால் இழுக்கும் வாடி (கரையில் மீனவர் தங்குமிடம்) எங்காவது இருந்தால், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு விருந்தினரைக் காலையில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். சும்மா நின்று படம் பிடிக்காமல் கயிற்றில் ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள்.

ஊர்ச்சனம் வருமா என்ற கேள்வி. போத்தல் திறந்திருக்கும் இடத்துக்குக் குடும்பம் வராது. உங்கள் இல்லத்தில் மது உண்டா இல்லையா என்பது உங்கள் விஷயம். ஆனால் அந்த மாலை, அந்த மண்டபத்தில் வேண்டாம். ஊருக்குக் கட்டணமும் வேண்டாம். விருந்தினர் தங்கும் காசிலேயே செலவைச் சேர்த்துவிடுங்கள், வெளியிலிருந்து வருபவர்களுக்கு வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள். கதிரைகளை முன்னுக்குப் போட்டு வெளிநாட்டாரை இருத்திவிட்டு ஊரைப் பின்னுக்கு நிற்கவைத்தீர்கள் என்றால் இரண்டாம் மாலைக்கு ஊர் இல்லை. எல்லோருக்கும் பாய், முன்னால் பிள்ளைகள், கதிரைகள் பின்வரிசையில், இயலாதவர்களுக்கும் முழங்கால் மடங்காதவர்களுக்கும். பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், போடட்டும். நாலாவது மாலையில் தாளம் போடுவார்கள்.

அதேபோல விழா எடுக்கும் பழக்கத்தையும் வாசலோடு நிறுத்துங்கள். நம்மவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி என்றால் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, அதற்குப் பிறகு நேரமில்லை என்று கலைஞரிடம் இரண்டு பாட்டோடு முடிக்கச் சொல்வது. விளக்கை ஏற்றுங்கள், தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் தலா நாலு வரி சொல்லுங்கள், பாட்டைத் தொடங்குங்கள். பொன்னாடைக் காசை வான் கூலியில் சேருங்கள். கலைஞருக்குக் கொடுப்பது எவ்வளவு என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லி, முடிந்த அன்றிரவே கையில் கொடுங்கள். பக்கவாத்தியக்காரருக்குத் தனி உறையில் கொடுங்கள். இந்த ஒரு பழக்கத்தாலேயே மாவட்டத்தில் உங்கள் இடத்துக்குப் பெயர் வரும், ஏனென்றால் இங்கே அதிகம் பேர் அப்படிச் செய்வதில்லை. சாப்பாடும் அப்படித்தான், விருந்தினர் சாப்பிடும் அதே மேசை.

சினிமாப் பாட்டு வேண்டாமா என்று யாரும் கேட்பார்கள். எனக்கு அதில் பகை இல்லை. ஆனால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமையுள்ள பாடலைப் பொதுவில் பாட உரியவரின் அனுமதி வேண்டும். பாடலை ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அந்த உரிமை நிற்கும். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆகவே கூத்தையோ கபிரிஞ்ஞாவையோ பதிவுசெய்து விளம்பரத்துக்குப் போடுவதானால், அன்றைக்கு ஆடியவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நேரடி ஒளிபரப்பு வேண்டவே வேண்டாம். வீட்டில் இருந்து பார்க்கலாம் என்றால் நிலாவெளியிலிருந்துகூட ஆள் வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். மாலை மட்டும் ஏன்? உங்களிடம் இரவு தங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எந்தச் சபாவிடமும் இல்லாத வசதி அது. திருகோணமலைக்கென்று ஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு, கடலைத் தாண்டாமல் இராமேசுவரத்தில் நின்றே பாடியதாகச் சொல்லும் பெரியபுராணம். அதன் பண், அதாவது பழந்தமிழ் இராகம், புறநீர்மை. பண்களைப் பகலுக்கும் இரவுக்குமாகப் பிரித்த பழைய வரிசையில் பகற்பண்களில் முதலாவதாக நிற்பது அதுதான். இன்று பூபாளத்தோடு இணைத்துப் பாடுவார்கள், விடியலுக்குரிய இராகம். ஊரின் சொந்தத் தேவாரமே காலைப் பண்ணில் இருக்கும்போது, கிழக்குப் பார்த்த கரையில் இருந்துகொண்டு மாலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம், மாலைக்கு அடுத்த நாள் காலை, ஓர் ஓதுவாரையோ பண்ணிசை படித்த ஓர் ஆசிரியரையோ பாடவையுங்கள். குரலும் சுருதிப்பெட்டியும் மட்டும் போதும், அரை மணித்தியாலம். பெப்ரவரி, மார்ச்சில் அந்த நேரம் காற்று அசையாது. ஒலிபெருக்கி வைத்திருந்தால் ஆறு மணிக்கு முன் வாய் திறக்க முடியாது. நீங்கள் ஐந்தேமுக்காலுக்கே தொடங்கலாம். பாடுபவரை முதல் நாள் இரவே ஓர் அறை கொடுத்துத் தங்கவையுங்கள், அந்த நேரத்துக்குப் பட்டினத்திலிருந்து பஸ்ஸை நம்ப முடியாது. தொண்டைக்குச் சுடுதண்ணியும் மல்லித்தண்ணியும் ஐந்து மணிக்குத் தயாராக இருக்கட்டும். குசினிக்காரரிடம் அதை முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.